டாக்டரம்மாவிடம் கேளுங்கள்: பிரசவப் பையில் ஒரு சீட்டு

போன இதழில் வெள்ளைப்படுதல் பற்றிய பதிலில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். நிறைமாதத்தில் ஜி.பி.எஸ். என்ற கிருமி இருக்கிறதா என்று பார்க்க ஒரு பரிசோதனை உண்டு என்று. அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் மேசை டிராயரில் அடங்கவில்லை. ஒரு மாப்பிள்ளை, ‘காரில் வழி காட்டுமே அதுவா டாக்டர்?’ என்று கேட்டிருக்கிறார். தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே எழுத்துதான், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இந்த இதழ் முழுக்க இதற்கே.

எனக்கு 37 வாரம் நடக்கிறது. மதுரையில் நான் பார்க்கிற டாக்டர் போன வாரம் பஞ்சுக்குச்சி வைத்து டெஸ்ட் எடுத்தார். ‘ஜி.பி.எஸ். பாசிட்டிவ்’ என்று வந்திருக்கிறது. போனில் தேடினால் புனேயில் கை கால் விழுந்துபோன நோய் என்று காட்டுகிறது. ‘இது உனக்கு எங்கேயிருந்து வந்துச்சு’ என்று வீட்டுக்காரர் ஒரு மாதிரி கேட்கிறார். அத்தை என் துண்டைத் தனியாகக் காயப்போடச் சொல்லிவிட்டார். ராத்திரி தூக்கம் இல்லை.
பெயர் வேண்டாம், வாடிப்பட்டி

முதல் வேலையாக அந்தத் துண்டை எடுத்து எல்லார் துணியோடும் ஒரே கொடியில் போடுங்கள்.

2025 ஜனவரியில் புனேயில் பலருக்கு வந்தது கில்லன் பாரே என்கிற நரம்பு நோய். அதற்கும் சுருக்கப் பெயர் இதேதான். உங்கள் சீட்டில் இருப்பது குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இந்தக் கிருமியின் சொந்த ஊர் குடல். மலவாயும் பிறப்புறுப்பும் அடுத்தடுத்த வீடு என்பதால் அங்கேயும் வந்து குடியேறும். உலக அளவில் கர்ப்பிணிகளில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவரிடம் இருக்கிறது. நம் பக்கத்து நாடுகளில் கொஞ்சம் குறைவு. வரும், சில மாதம் இருக்கும், போய்விடும். அரிப்பு, நாற்றம், வலி எதுவும் தராது. சுத்தபத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மூன்று வேளை குளிக்கிறவர்களிடமும் இருக்கும்.

வீட்டுக்காரர் கேட்டாரே, அவரிடம் இந்தப் பக்கத்தை மடித்துக் கொடுங்கள். தம்பி, இது பால்வினை நோய் இல்லை. உங்கள் குடலிலும் இப்போது இருக்கலாம். உங்களை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். உங்களுக்கு மருந்தும் வேண்டாம். இனி அந்தக் கேள்வியை அவளிடம் கேட்காதீர்கள்.

இப்போது குழந்தை. மருந்து எதுவும் கொடுக்காவிட்டால், கிருமி உள்ள 100 தாய்மார் பெறுகிற குழந்தைகளில் பாதிப் பேர் மேல் அது ஒட்டும். ஒட்டினவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது. 100-க்கு ஒன்று அல்லது இரண்டு குழந்தைக்குத்தான் நோயாக மாறும். எண்ணிக்கை சின்னது. ஆனால் மாறினால் ரத்தத்தில் பரவும், நுரையீரலில் சளி கட்டும், சில சமயம் மூளை உறையையும் தாக்கும். பெரும்பாலும் பிறந்த முதல் நாளிலேயே தொடங்கிவிடும். பெரும்பாலும் கர்ப்பம் முழுக்க ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டுக் கடைசி ஒரு நாளில் வேலையைக் காட்டுகிற கிருமி இது. அதனால் நாமும் அந்த ஒரு நாளில்தான் மருந்து கொடுக்கிறோம்.

பிரசவ வலி எடுத்ததும், அல்லது பனிக்குடம் உடைந்ததும், ரத்தக்குழாய் வழியாகப் பென்சிலின் ஊசி. முதலில் 50 லட்சம் யூனிட், பிறகு 4 மணிக்கு ஒருமுறை 25 முதல் 30 லட்சம் யூனிட், குழந்தை பிறக்கும் வரை. ஆம்பிசிலின் என்றால் முதலில் 2 கிராம், பிறகு 4 மணிக்கு ஒருமுறை 1 கிராம். முதல் ஊசிக்கும் குழந்தை பிறப்பதற்கும் நடுவே 4 மணி நேரமாவது கிடைத்தால் முழுப் பலன். எங்கள் காலத்தில் அம்மை, காசநோய் என்று பெரிய பெயர்களுக்கே பயந்தோம். நீங்கள் பயப்படுகிற இந்தக் கிருமிக்கோ, எண்பது வருஷத்துப் பழைய மருந்தான பென்சிலினே போதும். சுகப்பிரசவத்துக்கு இது தடை இல்லை. இதற்காக ஆபரேஷன் செய்யவும் வேண்டாம்.

சின்ன வயதில் பென்சிலின் ஊசி ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் யாராவது சொல்லியிருந்தால் என்ன ஆனது என்று கேட்டு எழுதிவையுங்கள். வயிற்றுப்போக்கு வந்தது வேறு, உடம்பு தடித்து மூச்சு முட்டியது வேறு. இரண்டாவது வகை என்றால் இப்போதே டாக்டரிடம் சொல்ல வேண்டும். மாற்று மருந்து உண்டு, ஆனால் எது வேலை செய்யும் என்று லேப் முன்கூட்டியே பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

மகளைத் திருப்பூரில் கொடுத்திருக்கிறோம். ஒன்பதாம் மாதம் வளைகாப்பு முடித்துப் போன வாரம்தான் கூட்டிவந்தோம், தலைப்பிரசவம். கிளம்புவதற்கு முந்தின நாள் அங்கே ஏதோ கிருமி டெஸ்ட் எடுத்தார்களாம். ரிசல்ட் பிறகு சொல்கிறோம் என்றார்கள், யாரும் சொல்லவில்லை. இங்கே புது டாக்டர். அவரும் கேட்கவில்லை. நாங்களாகச் சொன்னால் தப்பாக நினைப்பாரா?
மகளின் அம்மா, உசிலம்பட்டி

அம்மா, இன்றைக்கு வந்த கடிதங்களில் என் தூக்கத்தைக் கெடுத்தது உங்களுடையதுதான்.

நான் அரசுப் பணியில் இருந்தபோது ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி. இரண்டு மணிக்கு ஒரு பெண்ணை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். தாய்வீட்டுக்கு வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. வந்த ஒன்றரை மணி நேரத்தில் பிரசவம். பையன், மூன்று கிலோவுக்குப் பக்கம், கணீர் என்று அழுதான். நர்ஸம்மா டீ வரவழைத்தார். விடிந்து ரவுண்ட்ஸ் போனபோது குழந்தை முனகுகிற சத்தம். பசிக்கு அழுகிற சத்தம் இல்லை அது. ஒவ்வொரு மூச்சு விடும்போதும் ‘ம்ஹ், ம்ஹ்’ என்று ஒரு சின்ன முக்கல். அதைக் கேட்ட மகப்பேறு டாக்டர் யாரும் மறக்க மாட்டார்கள். மதுரைக்கு அனுப்பினோம். அங்கே ரத்தத்தில் இந்தக் கிருமி வளர்ந்தது.

அன்று மத்தியானம் பையனின் அப்பத்தா மாப்பிள்ளை ஊரிலிருந்து வந்தார். மஞ்சப்பைக்குள் ஒரு கவர். ‘லேப்புல இருந்து வந்து பிரிட்ஜ் மேல கெடந்துச்சு டாக்டரம்மா, எதுக்கும் இருக்கட்டும்னு எடுத்தாந்தேன்.’ பிரித்தால் பாசிட்டிவ்.

பையன் பிழைத்தான். பத்து நாள் ஊசி. கொண்டாடிவிட்டு மறந்துவிடலாம் என்றால், ஒன்றை மறைக்க முடியாது: அன்று ராத்திரி ‘வேறு ஊரில் ஏதாவது டெஸ்ட் எடுத்தாயா?’ என்று நான் கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்வி. கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள், வந்தவுடனே ஊசி போட்டிருப்பேன். ஒன்றரை மணி நேரம் முழுசாகப் போதாது, ஆனாலும் ஒன்றும் இல்லாததற்கு எவ்வளவோ மேல். குழந்தையையும் முதல் மணியிலிருந்தே கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருப்போம்.

நம் ஊர் வழக்கத்தில் இது ஒரு ஓட்டை. டெஸ்ட் எடுக்க வேண்டியது 36 முதல் 37 வாரத்துக்குள். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைக் கூட்டிவருவதும் அதே நாட்களில்தான். கூட வளையல் வரும், ஏழு வகைச் சோறு வரும், புடவை வரும். சீட்டு மட்டும் மாமியார் வீட்டிலேயே தங்கிவிடும். வளைகாப்பை வைகாசியில் வைக்கலாமா ஆனியில் வைக்கலாமா என்று ஆறு பேர் உட்கார்ந்து பேசுகிறோம். பேப்பர் யார் கையில் என்று ஒருவர்கூடக் கேட்பதில்லை.

இன்றைக்கே திருப்பூருக்கு போன் போடுங்கள். மாப்பிள்ளையை லேப்புக்கே நேரில் அனுப்பி, ரிசல்ட்டை வாட்ஸ்அப்பில் வாங்கி, உசிலம்பட்டியில் ஏதாவது ஒரு ஜெராக்ஸ் கடையில் இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைத் தாய் சேய் அட்டைக்குள் வையுங்கள். மற்றது பிரசவப் பையில். பாசிட்டிவ் என்றால் அட்டையின் முன்பக்கம், பிக்மி நம்பர் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) எழுதியிருக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே, சிவப்பு மையில் எழுதச் சொல்லுங்கள். நெகட்டிவ் என்றாலும் பேப்பர் வேண்டும். அந்த முடிவு 5 வாரம் வரை செல்லும். ரிசல்ட் கிடைக்கவே இல்லை என்றால் இங்கே புதிதாக எடுத்துவிடலாம், இரண்டு மூன்று நாளில் தெரிந்துவிடும்.

டாக்டர் தப்பாக நினைப்பாரா என்று கேட்டிருந்தீர்கள். நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

பாசிட்டிவ் என்றால் ஏன் பிரசவம் வரைக்கும் காத்திருக்க வேண்டும்? இப்போதே ஐந்து நாள் மாத்திரை போட்டுக் கொன்றுவிட்டால் என்ன? தெரிந்த மருந்துக்கடைக்காரர் தருகிறேன் என்கிறார்.
ஒரு கணவர், மேலூர்

வேண்டாம். கொல்லலாம், ஆனால் குடலிலிருந்து திரும்பி வந்துவிடும். மாத்திரையும் வீண், வயிறும் கெடும், கிருமிக்குப் பழக்கமும் ஆகும். சிறுநீரில் இந்தக் கிருமி வளர்ந்து நீர்க்கடுப்பு, காய்ச்சல் இருந்தால், அல்லது தொந்தரவே இல்லாமல் அதிக அளவில் வளர்ந்திருந்தால் மட்டும் அப்போதே மாத்திரை உண்டு. அந்தப் பெண்ணுக்குப் பிரசவத்தின் போதும் ஊசி கட்டாயம், டெஸ்டே தேவையில்லை. மருந்துக்கடைக்காரருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

பூண்டுப் பல்லை உள்ளே வைத்தால் கிருமி போய்விடும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். எங்கள் அப்பத்தா வேப்பிலை, மஞ்சள் வேகவைத்த தண்ணீரில் கழுவச் சொல்கிறார்.
கல்லூரி ஆசிரியை, திருமங்கலம்

பூண்டு ரசத்துக்கு. வேப்பிலை வாசலுக்கு. உள்ளே ஒன்றும் வைக்காதீர்கள், ஒன்றும் ஊற்றாதீர்கள். அங்கே இருக்கிற நல்ல கிருமிகளும் செத்துப்போகும், நிறைமாதத்தில் புண்ணும் ஆகும்.

என் மனைவியை ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுகிறேன். நல்லபடியாகத்தான் பார்க்கிறார்கள். ஆனால் இந்த டெஸ்ட் அங்கே இல்லை. மதுரைக்குப் போய்க் காசு கட்டி எடுக்க வேண்டுமா? நான் கொத்தனார் வேலை பார்க்கிறேன். எடுக்காவிட்டால் குழந்தைக்குத் துரோகம் செய்கிறோமோ என்று மனது அடித்துக்கொள்கிறது.
ஒரு வாசகர், செக்கானூரணி

துரோகம் என்ற சொல்லை எடுத்துவிடுங்கள் தம்பி. உலகத்து டாக்டர்களே இதில் இரண்டு கட்சி.

அமெரிக்காவில் 2002 முதல் எல்லாக் கர்ப்பிணிக்கும் இந்தப் பரிசோதனை. 1990-களின் தொடக்கத்தில் அங்கே 1000 குழந்தைக்கு 1.8 என்ற கணக்கில் முதல் வாரத்தில் இந்த நோய் வந்துகொண்டிருந்தது, 2015-இல் அது 0.23 ஆகிவிட்டது. இங்கிலாந்திலோ எல்லோருக்கும் செய்வதில்லை. யாருக்கு ஆபத்து அதிகமோ அவர்களுக்கு மட்டும் ஊசி. இந்தியாவிலும் எல்லோருக்கும் என்ற அரசுத் திட்டம் இல்லை. அதற்கு ஒரு நியாயமும் உண்டு. நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் பச்சிளம் குழந்தைகளை அதிகம் வாட்டுகிற கிருமிகள் வேறு: கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர், ஈ.கோலி. அவற்றுக்கு இந்தப் பஞ்சுக்குச்சியால் பயன் இல்லை. கை கழுவுவதுதான் அங்கே பெரிய மருந்து. என் அபிப்பிராயத்தைக் கேட்டால், வசதி இருக்கிறவர்கள் எடுத்துவிடுவது நல்லது என்பேன். இல்லாதவர்கள் கடன் வாங்கி எடுக்க வேண்டாம், ஆனால் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும்.

கடிகாரம் ஏன்? டெஸ்ட் எடுக்காத பெண்ணுக்கு நாங்கள் ஊசி போடுவது இப்படித்தான் முடிவாகும். 37 வாரம் முடியும் முன்பே வலி வந்தால். பனிக்குடம் உடைந்து 18 மணி நேரம் ஆகியும் குழந்தை பிறக்காவிட்டால். தாய்க்குக் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 பாரன்ஹீட்டைத் தொட்டால். முந்தின குழந்தைக்கு இந்த நோய் வந்திருந்தால். இந்தக் கர்ப்பத்தில் சிறுநீரில் இந்தக் கிருமி இருந்திருந்தால். இதில் ஒன்று இருந்தாலும் போதும், ஊசி உண்டு. அந்தப் பதினெட்டு மணி நேரத்தில்தான் எப்போதும் கோளாறு. ‘எப்பத்தா தண்ணி ஒடஞ்சுச்சு?’ என்று கேட்டால் ‘கோழி கூப்புட’ என்பார்கள், ‘சீரியல் முடிஞ்ச பெறகு’ என்பார்கள். உங்கள் மனைவிக்குத் தண்ணீர் போன உடனே மணி பார்த்து, அட்டையின் பின்பக்கம் எழுதிவிடுங்கள். காசில்லாமல் ஒரு தகப்பன் செய்யக்கூடிய வேலை அது.

ஒருவேளை எடுப்பதாக முடிவு செய்தால் லேப்பில் ஒன்று கேளுங்கள்: இந்தக் கிருமிக்கென்று இருக்கிற வளர்ப்புத் திரவத்தில் ஒரு நாள் வைத்துப் பிறகு கிருமி வளர்க்கிற தட்டில் போடுகிறீர்களா என்று. நேரடியாகத் தட்டில் தேய்த்தால் இருக்கிற கிருமியே பலருக்குத் தெரியாமல் போய்விடும். அப்புறம் அந்த நெகட்டிவை நம்பி என்ன செய்ய? குச்சியை முன்பக்கமும் பின்பக்கமும் வைத்து எடுப்பார்கள், இரண்டும் வேண்டும். ‘பின்னாடி ஏன் வச்சாங்க, நர்ஸுக்குத் தெரியலையா’ என்று நாகமலையிலிருந்து ஒரு பெண் கோபமாக எழுதியிருக்கிறார். தெரிந்துதான் வைத்தார் அம்மா. குடல்தானே அதன் சொந்த ஊர். கூச்சமாக இருந்தால் சொல்லிக்கொடுக்கச் சொல்லி நீங்களே எடுத்துக் கொடுக்கலாம். வலிக்காது, கருவி வைத்து விரிக்கவும் வேண்டாம்.

எங்கள் வீட்டில் நாலு பசு. ஒன்றுக்கு மடிநோய். கால்நடை டாக்டர் சொன்ன கிருமிப் பெயரும், மருமகளின் லேப் சீட்டில் இருக்கிற பெயரும் ஒன்றாக இருக்கிறது. மாட்டிடமிருந்து வந்துவிட்டதா? மாட்டை விற்றுவிடலாமா?
ஒரு மாமனார், அலங்காநல்லூர்

ஐயா, நாற்பது வருஷத்தில் சீட்டை இவ்வளவு கவனமாகப் படித்த மாமனாரை நான் பார்த்ததில்லை.

பெயர் ஒன்றுதான். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே. ‘அகலாக்டியே’ என்றால் பால் இல்லாமை. இதை 1887-இல் பிரான்ஸில் முதலில் கண்டுபிடித்ததே மாட்டு மடிநோயில்தான். ரொம்ப காலம் மாட்டு டாக்டர்களுக்கு மட்டும் தெரிந்த கிருமியாக இருந்தது. 1930-களில் ரெபெக்கா லான்ஸ்ஃபீல்டு என்ற அமெரிக்க விஞ்ஞானி இந்தக் குடும்பத்துக் கிருமிகளை ஏ, பி, சி என்று பிரித்தபோது இதற்கு ‘பி’ விழுந்தது. பிரசவமான தாய்மாரைக் கொல்கிறது என்று 1938-இல் எழுதினார்கள். குழந்தைகளிடம் இது எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பது உறைக்க இன்னும் முப்பது வருஷம் ஆனது.

ஆனால் மாட்டு மடியில் வாழ்கிற வகைகளும் மனிதரிடம் வாழ்கிற வகைகளும் பெரும்பாலும் வேறு வேறு. உங்கள் மருமகளுக்கு வந்தது மனிதக் குடலிலிருந்து வந்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள். பசுவை விற்க வேண்டாம், வைத்தியம் பாருங்கள். பாலை நன்றாகப் பொங்கக் காய்ச்சிக் கொடுங்கள். அது இந்தக் கிருமிக்காக இல்லை, எப்போதுமே அப்படித்தான்.

எனக்கு ஆபரேஷன் தேதி குறித்துவிட்டார்கள். முதல் குழந்தையும் ஆபரேஷன்தான். எனக்கு இந்த டெஸ்ட் தேவையா?
வாசகி, சோழவந்தான்

வலி வராமல், பனிக்குடம் உடையாமல், குறித்த தேதியில் ஆபரேஷன் நடந்தால் இந்தக் கிருமிக்கென்று தனி ஊசி தேவையில்லை. ஆனால் குழந்தை காலண்டர் பார்த்து வராது. முந்திக்கொண்டு தண்ணீர் உடைந்தால் தெரிந்திருப்பது நல்லது, எடுத்துவையுங்கள்.

மகளுக்கு பாசிட்டிவ். ஊசி போட்டுத்தான் பிரசவம் ஆனது, பேத்தி நன்றாக இருக்கிறாள். தாய்ப்பால் கொடுக்கலாமா? இனிப் பயம் இல்லைதானே?
அம்மாச்சி, பேரையூர்

தாராளமாகக் கொடுக்கலாம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள்ளேயே கொடுத்திருக்கலாம். சீனித்தண்ணீர், கழுதைப்பால் எதுவும் வேண்டாம். நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்று தெரியும், படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

பயம் பெருமளவு போய்விட்டது, முழுசாக இல்லை. பிரசவத்தில் போடுகிற ஊசி முதல் வாரத்து நோயைத்தான் தடுக்கும். ஒரு வாரத்துக்குப் பிறகு மூன்று மாதம் வரைக்கும் இதே கிருமி தாமதமாக வருவதும் உண்டு, அரிதாக. அதை ஊசி தடுக்காது. அதனால் நீங்கள் காது கொடுக்க வேண்டும். பால் குடிக்கிற பிள்ளை திடீரென்று மார்பைத் தேடவில்லை, எழுப்பினாலும் எழவில்லை, துணிபோலத் துவண்டு கிடக்கிறது. உடம்பு சுடுகிறது, அல்லது தொட்டால் சில்லிடுகிறது. நெஞ்சுக்கூடு உள்வாங்குகிறது, ஒரு நிமிஷத்துக்கு 60 மூச்சுக்கு மேல் போகிறது. முன்னே எழுதினேனே, அந்த முனகல். இதில் எதைக் கண்டாலும் செரியாமைக்கு ஓமத்தண்ணீர், உரம் விழுந்தது, தோஷம் என்று அரை நாள் போக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

நாங்கள் தெற்குவாசல் பக்கம். எனக்குத் தேதி சரியாகச் சித்திராப் பௌர்ணமியை ஒட்டி. பாசிட்டிவ். பெரியாஸ்பத்திரியில்தான் பிரசவம். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்கு வலி வந்தால் எப்படிப் போய்ச் சேர்வது? நாலு மணி நேரம் வேண்டும் என்கிறீர்களே.
நிறைமாத வாசகி, மதுரை

இந்தக் கேள்வியை மதுரைக்காரியைத் தவிர வேறு யாரும் கேட்க முடியாது!

பெரியாஸ்பத்திரி ஆற்றுக்கு வடகரையில், கோரிப்பாளையத்தை ஒட்டி. நீங்கள் தென்கரை. அழகரை ஜனங்கள் எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவை ராத்திரியில் தல்லாகுளம் பக்கம் கால் வைக்க இடம் இருக்காது, விடிந்தால் வைகைக்குள்ளேயும் பாலத்திலும் ஜனம். ஆம்புலன்ஸுக்கு வழிவிடுவார்கள், நம் ஜனங்கள் அதில் தங்கம்தான். இருந்தாலும் வழி கிடைக்கிற நேரத்தை நம்பாதீர்கள். செல்லூரிலோ நரிமேட்டிலோ வடகரையில் சித்தி, பெரியம்மா யாராவது இருந்தால் எதிர்சேவைக்கு இரண்டு நாள் முன்பே போய்த் தங்கிக்கொள்ளுங்கள். யாரும் இல்லை என்றால் அடுத்த முறை செக்கப் போகும்போது நிலைமையைச் சொல்லி, முன்கூட்டியே சேர்த்துக்கொள்வார்களா என்று கேளுங்கள்.

வலி நன்றாகப் பிடிக்கட்டும் என்று வீட்டில் உட்கார்ந்திருப்பது மற்றவர்களுக்குச் சரி. உங்களுக்கு இல்லை. பனிக்குடம் உடைந்தால் வலி இல்லாவிட்டாலும் கிளம்ப வேண்டும். வலி என்றால், ஒழுங்காக வந்து வந்து போக ஆரம்பித்ததுமே. வார்டுக்குள் நுழைந்ததும் பெயர் சொல்வதற்கு முன்னால் ‘ஜி.பி.எஸ். பாசிட்டிவ்’ என்று சொல்லி, சீட்டைக் கையில் கொடுங்கள். கூட வருகிறவர் கையில் இன்னொரு பிரதி. போகிற அவசரத்தில் அந்தப் பையை மட்டும் பிரிட்ஜ் மேலே வைத்துவிடாதீர்கள்.